பாக்கெட்டுல வெச்சுக்கற நல்ல டார்ச் லைட்டு எது? நம்ம கொங்குப் பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புங்க நமக்கு. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால்ல முறைத்தண்ணி வந்துச்சுன்னா நேரங்காலம் பாக்க முடியாது, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட மண்வெட்டியத் தூக்கிட்டு மடை மாத்தப் போயித்தான் ஆகோணும், அதனால டார்ச் லைட்டு நமக்கு ஆசைக்கு வாங்கற பொருள் இல்ல, செருப்பு மாதிரிங்க. பத்து வருசத்துல நல்லது கெட்டதுனு பலதும் வாங்கிப் பாத்தாச்சு. ஒறம்பரை, சேக்காளி, பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எல்லாரும் "எந்த லைட்டுங்ண்ணா வாங்கலாம்"னு கேக்கறாங்க, அவங்க கேட்டதையும் நான் சொன்னதையும் இங்க எழுதிடறேன்.

போன்லயே லைட்டு இருக்குதே, தனியா ஒண்ணு எதுக்குங்க?

வீட்டுக்குள்ள சாவி தேடறதுக்கு போன் போதுமுங்க. தோட்டத்துக்கு ஆகாது. போன் லைட்டு காலடில நாலஞ்சு அடிக்குத்தான் வெளிச்சம் தரும், அதுவும் நாலு பக்கமும் பரவிப் போயிரும், தடத்துல பத்தடி முன்னால என்ன கெடக்குதுன்னு தெரியாது. அந்தப் பத்தடிதாங்க முக்கியம். நடந்து போறப்ப பத்தடிக்கு முன்ன பூச்சிய, அதாவது பாம்பப் பாத்தா நின்னுக்கலாம், மூணடில பாத்தா கால் ஏற்கனவே எடுத்து வெச்சிருப்போம்.

இன்னொண்ணு, ஒரு கைல மண்வெட்டி, ஒரு கைல போன், அது வாய்க்காத் தண்ணில விழுந்தா ராத்திரி யாரையும் கூப்புடக் கூட முடியாது. லைட்டும் போன் பேசறதும் ஒரே பொருள்ல இருக்கக் கூடாதுங்கறது என்னோட கட்சி.

ஆன்லைன்ல 600 ரூவாய்க்கு 50,000 லுமென்ஸ்னு போட்டிருக்கான், வாங்கலாமா?

வேண்டாமுங்க. சும்மா சொல்லல, கணக்குப் போட்டுப் பாத்துருவோம். லுமென்ஸ்ங்கறது லைட்டுல இருந்து மொத்தமா வெளிய வர்ற வெளிச்சத்தோட அளவு. இப்ப இருக்கற நல்ல டார்ச்சு தோராயமா ஒரு வாட்டுக்கு 100 லுமென்ஸ் தரும்னு வெச்சுக்கோங்க. அப்ப 50,000 லுமென்ஸுக்கு 500 வாட் வேணும். ஒரு ஹெச்பி மோட்டாரு 746 வாட்டு, அதுல மூணுல ரெண்டு பங்கு கரண்டு ஒரு கைப்பிடி லைட்டுக்குள்ள இருக்கோணும், இருந்தா அதப் புடிக்கற கை வெந்து போயிரும்.

நானும் ஒருக்கா அப்படி ஒண்ணு வாங்கினேன். உள்ள இருந்த பேட்டரி மேல 9,900 எம்ஏஎச்னு அச்சடிச்சிருந்துது, எம்ஏஎச்ங்கறது பேட்டரி எத்தன கரண்டு புடிச்சு வெக்கும்ங்கற அளவு. அது 18650ங்கற சைஸ் (நம்பருக்கு அர்த்தம் கீழ சொல்றேன்), அந்த சைஸ்ல நல்ல கம்பெனிக்காரன் பெரும்பாலும் தர்றதே 3,000ல இருந்து 3,600 வரைக்குந்தான். சந்தேகம் வந்து மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுல வெச்சுப் பாத்தேன், 30 கிராம் கூட நிக்கல. நெசமான 18650 பேட்டரி சுமாரா 45 கிராமாச்சும் இருக்கும். மூணு மாசத்துல அந்தப் பேட்டரி சார்ஜ் போடறப்பவே சூடாகி மேல் தோலு சுருங்கிப் போச்சு, அன்னையோட அதத் தூக்கிப் போட்டுட்டேன். வீட்டுல கொழந்தைக இருக்கற எடத்துல ராத்திரி பூரா சார்ஜ்ல போடற பொருளுங்க இது, 600 ரூவாய்க்கு அந்த ரிஸ்க் எதுக்கு.

சரி, நல்ல கம்பெனி பெட்டில போட்டிருக்கற மீட்டரும் மணிநேரமும் நெசமுங்களா?

பொய் இல்ல, ஆனா எப்படி அளந்தாங்கன்னு தெரிஞ்சுதான் படிக்கோணும். நல்ல கம்பெனிக எல்லாம் அமெரிக்காவுல 2009ல வந்த எஃப்எல்1ங்கற அளவு முறைய வெச்சுத்தான் போடறாங்க. அதுல லுமென்ஸ லைட்டு போட்டு 30 செகண்டுல இருந்து ரெண்டு நிமிசத்துக்குள்ள அளக்கறாங்க. அப்புறமேட்டு என்ன ஆகுதுங்கறது அந்த நம்பர்ல வராது. எத்தன மணிநேரம் எரியும்ங்கறத, ஆரம்ப வெளிச்சத்துல பத்துல ஒரு பங்கா கொறையற வரைக்கும் எண்றாங்க. அதாவது 1,000 லுமென்ஸ்ல ஆரம்பிச்சு அஞ்சு நிமிசத்துல சூட்டுக்காக 300க்கு எறங்கி அப்படியே மூணு மணிநேரம் எரிஞ்சு கடைசில 100க்கு வந்தாலும், பெட்டில "1,000 லுமென்ஸ், 3 மணிநேரம்"னு தான் வரும். படிக்கறவங்க மூணு மணிநேரமும் ஆயிரம்னு நெனச்சுக்குவாங்க.

தூரமும் அப்படித்தானுங்க. 283 மீட்டர்னு போட்டிருந்தா, அவ்ளோ தூரத்துல விழுகற வெளிச்சம் கால் லக்ஸ், அது பௌர்ணமி நெலா வெளிச்சம் அளவு. அங்க ஏதோ நிக்குதுன்னு தெரியும், பன்னியா நாயான்னு தெரியாது. பாதிக்கும் கம்மியா எடுத்துக்கோங்க, 100 மீட்டரு நல்லாத் தெரியும்னு வெச்சா ஏமாற மாட்டீங்க.

அதனால நான் பாக்கறது உச்ச லுமென்ஸ இல்லீங்க. லைட்டு போட்டு ஒரு மணிநேரம் கழிச்சு எத்தன வெளிச்சம் நிக்குதுங்கறதத்தான். ஒரு 3,000 எம்ஏஎச் பேட்டரில சுமாரா 11 வாட்-மணி சக்தி இருக்குது, 100 லுமென்ஸ்ல வெச்சா எட்டுப் பத்து மணிநேரம் ஓடும், 1,000ல வெச்சா ஒரு மணிநேரந்தான், அதுவும் சூடு விட்டாத்தான். தோப்புக்குள்ள நடக்கறதுக்கு 100, 150 லுமென்ஸே நெம்ப தாராளமுங்க.

பேட்டரி சைஸ் என்னென்னமோ நம்பர் சொல்றாங்களே தம்பி, எனக்கு ஒண்ணும் புரியல

சுலபந்தானுங்க மாமா. 18650ன்னா 18 மில்லி தடிமன், 65 மில்லி நீளம். 21700ன்னா 21 தடிமன், 70 நீளம். 14500ங்கறது நம்ம பென்டார்ச்ல போடற டபுள்ஏ செல் சைஸேதான், ஆனா வோல்டேஜ் 3.7, சாதா செல்லு 1.5. மாத்திப் போட்டா சில லைட்டு எரிஞ்சே போயிரும், ரெண்டும் போடலாம்னு எழுதியிருந்தா மட்டும் போடுங்க.

தோட்டத்து வேலைக்கு 18650 தாங்க சரியான அளவு. லைட்டு ஒரு வெரல விடக் கொஞ்சம் தடிமனா, சட்டைப் பாக்கெட்டுல கிளிப் மாட்டி நிக்கற மாதிரி இருக்கும், பேட்டரி எங்கயும் கெடைக்கும். 21700 வாங்கினா 5,000 எம்ஏஎச் அளவுக்கு வரும், நேரம் எச்சா நிக்கும், ஆனா வேட்டி மடிப்புல வெச்சா இழுத்துட்டுப் போகும்.

பழைய காலத்து டார்ச்சுல அப்பாரு போட்டு வெச்ச செல்லு ஒழுகி, டார்ச்சே பச்சப் பூத்து மொனை அரிச்சுக் கெடக்கறத எல்லாரும் பாத்திருப்பீங்க. ஆல்கலைன் செல்ல மாசக்கணக்குல உள்ளயே விட்டா இன்னைக்கும் அதேதான். டபுள்ஏ லைட்டு வெச்சிருக்கறவங்க எனிலூப் மாதிரி ரீசார்ஜ் செல்லு போடுங்க, அது ஒழுகறது நெம்ப அபூர்வம்.

வெள்ளை லைட்டா, மஞ்ச லைட்டா?

இந்தக் கேள்விய யாரும் மொதல்ல கேக்க மாட்டேங்கறாங்க, ஆனா எனக்கு இதுதாங்க மொதல் கேள்வி.

எல்இடி வெள்ளை லைட்டுங்கறது உள்ளுக்குள்ள நீல எல்இடி தானுங்க. அது மேல மஞ்சளா ஒரு பூச்சு இருக்கும், நீல வெளிச்சத்துல ஒரு பங்கு அந்தப் பூச்சுல பட்டு மஞ்சளாகி, ரெண்டும் கலந்து வெள்ளையாத் தெரியுது. நீல எல்இடி கண்டுபுடிச்ச மூணு பேருக்கு, அகாசாகி, அமானோ, நகமுரா, 2014ல நோபல் குடுத்தாங்க. வெல கம்மியான லைட்டுல நீலம் தூக்கலா இருக்கும், செவப்பு நெம்பக் கம்மி. செவப்பு இல்லாத வெளிச்சத்துல பழுப்பு, காவி, செம்மண்ணு எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியும்.

நம்ம தோப்புல கீழ என்ன கெடக்குது? காஞ்ச தென்னமட்டை, பன்னாடை, சருகு. எல்லாம் பழுப்பு. அதுக்குள்ள கண்ணாடி விரியன் சுருண்டு படுத்தா அதுவும் பழுப்பு, முதுகுல சங்கிலி மாதிரி கருஞ்செவப்பு வட்டம். ரெண்டு வருசத்துக்கு முன்ன, பழைய நீலவெள்ளை லைட்டு ஒண்ண வெச்சுட்டு மடைகிட்ட குனியப் போனேன், மட்டைதான் கெடக்குதுன்னு நெனச்சேன். பக்கத்துல நின்ன மச்சான் அவன் லைட்ட அடிச்சான், அது இளமஞ்சளா வர்ற நல்ல லைட்டு, அடிச்ச ஒடனே அந்த வட்டம் வட்டமா செவப்பு எழும்பித் தெரிஞ்சுது. ஒரே எடம், ஒரே பூச்சி. அந்த ராத்திரில இருந்து சிஆர்ஐ 90க்குக் கம்மியான லைட்ட நான் தோப்புக்குள்ள கொண்டு போறதில்லீங்க.

சிஆர்ஐங்கறது கலரு எத்தன நெசமாத் தெரியுதுங்கறதுக்கு மார்க்கு, வெயிலுக்கு 100. கூடவே கெல்வின்னு ஒரு நம்பர் போடுவான், 6,500ன்னா நீலவெள்ளை, 4,000ல இருந்து 5,000 வரைக்கும் நம்ம கண்ணுக்கு எதமா இருக்கும். நிச்சியா 519ஏன்னு எல்இடி பேரு போட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம், ஜப்பான் கம்பெனி, செவப்பு அத்தன சுத்தமா வரும். ஒரே ஒரு கொறை, இந்த மாதிரி எல்இடில அதே கரண்டுக்கு லுமென்ஸ் கொஞ்சம் கம்மியா வரும். அது நட்டமே இல்லீங்க.

கரண்டு வேலை பாக்கறவங்களுக்கும் இதேதான். மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டர் பெட்டியத் தொறந்தா செவப்பு, மஞ்ச, நீலம்னு மூணு பேஸ் வயரு, பழசாகி தூசி படிஞ்சு கெடக்கும், மட்டமான லைட்டுல செவப்பும் பழுப்பும் ஒண்ணாத் தெரியும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டறவங்க கரண்டு போன நேரத்துல நூல் கலரு பாக்கறதுக்கும் இதையே வாங்குங்க.

நேரா சொல்லுங்கண்ணா, எந்த மாடல் வாங்கறது?

நான் கையில வெச்சிருந்ததையும், நெருங்கினவங்ககிட்ட வாங்கி நாலு நாள் ஓட்டிப் பாத்ததையும் மட்டும் சொல்றேன்.

வுர்க்கோஸ் எஃப்சி11சி. இது இப்ப என் சட்டைல இருக்கறது. 18650 பேட்டரி, நிச்சியா 519ஏ, லைட்டுலயே டைப்-சி சார்ஜ், பின்னால காந்தம். அந்தக் காந்தத்த மொதல்ல நான் பெருசா நெனைக்கல. ஒரு நாள் ராத்திரி ஸ்டார்ட்டர்ல ரிலே விழுந்து மோட்டாரு நின்னுபோச்சு, லைட்ட பெட்டிக் கதவுல ஒட்ட வெச்சுட்டு ரெண்டு கையாலயும் டெஸ்டரப் புடிச்சேன், அதுக்கு முன்னால எல்லாம் டார்ச்ச வாயில கடிச்சுட்டு வேலை செஞ்ச ஆளு நான். கொறைன்னா, வெளிச்சம் பரவலா வரும், தூரம் போகாது, கடலைக் காட்டுல அந்தக் கடைசில பன்னி நிக்குதான்னு பாக்க இது ஆகாது.

அந்த வேலைக்கு ஃபீனிக்ஸ் பிடி36ஆர். 21700 பேட்டரி, 1,600 லுமென்ஸ், நான் மேல சொன்ன 283 மீட்டரு இதோடதுதான். பின்னால ஒரு பட்டன் லைட்டு போட, பக்கவாட்டுல ஒண்ணு வெளிச்சம் மாத்த, ஈரக் கையோட இருட்டுல தடவினாலும் கொழப்பமே இல்ல. மழைல நனஞ்சு, சேத்துல விழுந்து, கழுவி எடுத்து வெச்சிருக்கறாரு பக்கத்துத் தோட்டத்து அண்ணன், ஒண்ணும் ஆகல. இந்தியாவுல முறையா ஏஜென்ட் வெச்சு விக்கறாங்க, வாரன்டிக்கு வழி இருக்குது. ஆனா வெளிச்சம் நீலவெள்ளை, வெலையும் எச்சு. தோட்டத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன், பத்து வருசம் உழைக்கோணும்னா இத வாங்குங்க. கால்கீழ பாக்கறதுக்குன்னா எஃப்சி11சி தான் என் ஓட்டு.

கான்வாய் எஸ்2 ப்ளஸ் பத்தி நெறையப் பேரு கேக்கறாங்க. குழாய் மாதிரி சாதாரணமா இருக்கும், பின்னால ஒரு கிளிக் பட்டன், அவ்ளோதான், உள்ள இருக்கற எல்லாத்தையும் கழட்டி மாத்திக்கலாம், பட்டன் போனா பட்டன், எல்இடி போனா எல்இடி. சால்டரிங் தெரிஞ்ச பசங்களுக்கு இத விட நல்ல லைட்டு இல்ல. சார்ஜ் ஓட்டை கெடையாது, தனியா சார்ஜர் வேணும். 2020 நவம்பர்ல அலிஎக்ஸ்பிரஸ இங்க தடை பண்ணினதுல இருந்து நேரா வாங்கறது கஷ்டமாப் போச்சு, வரவழைச்சு விக்கறவங்க மூலமாத்தான் வாங்கோணும்.

சின்னதா வேணும்னா சோஃபிர்ன் எஸ்பி10 ப்ரோ. டபுள்ஏ செல்லும் போடலாம், 14500ம் போடலாம், அவசரத்துக்கு பொட்டிக்கடைல செல்லு வாங்கி ஓட்டலாம்ங்கறது பெரிய தைரியமுங்க. வுர்க்கோஸ் டிஎஸ்10 இன்னும் அழகு, வெரல் நீளத்துல மூணு எல்இடி, ஆனா 14500 மட்டுந்தான், முழு வெளிச்சத்துல வெச்சா ஒரு நிமிசத்துல கை சுடும். இந்த ரெண்டுலயும் ஆண்ட்ரில்னு ஒரு சாஃப்ட்வேர், ஒரு பட்டன்லயே எல்லாம். அணைஞ்சிருக்கறப்ப அமுக்கிப் புடிச்சா நெலா வெளிச்சம் மாதிரி மங்கலா எரியும், மூணு தட்டு தட்டினா பேட்டரி வோல்டேஜ கண் சிமிட்டிச் சொல்லும், நாலு தட்டு தட்டினா பூட்டிக்கும். பாக்கெட்டுல போடறப்ப பூட்டிருங்க, இல்லீன்னா தானா எரிஞ்சு தொடை சுட்டுரும்.

ஓலைட் பேட்டன் 3 கைக்கு அடக்கமா, தொட்டாலே நல்லா இருக்கும், காந்த சார்ஜரும் சவுகரியம். ஆனா பேட்டரியும் சார்ஜரும் அவங்களோடதாத்தான் இருக்கோணும். வால்பாறைல போயி கேபிள மறந்துட்டா முடிஞ்சுது. வேற கம்பெனி பேட்டரி போட முடியாத லைட்ட நான் சிபாரிசு பண்றதில்லீங்க.

டைப்-சி கேபிள் சொருகியும் சார்ஜ் ஏற மாட்டேங்குது, லைட்டு ரிப்பேரா?

பெரும்பாலும் இல்ல. ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்கற கேபிள்ல சில லைட்டு சார்ஜ் ஏறாது, உள்ள வைக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டர வெக்காம விட்டிருப்பாங்க. பழைய சப்பட்டை யூஎஸ்பி ஒரு பக்கம் இருக்கற கேபிள்ல போட்டுப் பாருங்க, ஏறும்.

சார்ஜ் முழுசா ஏறினா 4.2 வோல்ட். எப்பவாவது எடுக்கற லைட்டுன்னா முழுசா ஏத்தி வெக்காதீங்க, பாதில விடுங்க, பேட்டரி ஆயுசு நீளும். தோட்டத்துல மாட்டி வெக்கற பெரிய சார்ஜ் லைட்டு கதை வேற, அதுல லெட் ஆசிட் பேட்டரி இருந்துச்சுன்னா காலியா விடக் கூடாது, ரெண்டு மாசம் காலியாக் கெடந்தா செத்துப் போயிரும்.

வெள்ளியங்கிரி ஏறப் போறோம், பழனிக்கு நடக்கறோம், அதுக்கு எது?

வெள்ளியங்கிரிக்கு கைல புடிக்கற லைட்டே வேண்டாமுங்க, தலைல மாட்டற ஹெட்லேம்ப் வாங்குங்க. ஒரு கைல மூங்கில் தடி, இன்னொரு கை பாறையப் புடிக்க வேணும். அடிவாரத்துல பூண்டில இருந்து ராத்திரி ஏறி வெடியால ஏழாவது மலைல இருக்கற மாதிரித்தான் எல்லாரும் போறாங்க, போக வர பத்து மணிநேரத்துக்குக் கொறையாது, அதனால 50, 100 லுமென்ஸ்ல வெச்சு ஓட்டுங்க. ஒரு வாட்டி எங்க கூட வந்த பையன் முழு வெளிச்சத்துல வெச்சே ஏறினான், நாலாவது மலைலயே காலி, மிச்ச மலை பூரா அவன என் முதுகுக்குப் பின்னாலயே ஒட்டி நடக்க வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். மேல குளுருக்கும் பேட்டரி சீக்கிரம் எறங்கும், இன்னொரு பேட்டரி உள்பாக்கெட்டுல ஒடம்புச் சூட்டுல இருக்கட்டும். எதுக்க எறங்கி வர்றவங்க கண்ணுல அடிக்காதீங்க, இருட்டுக்குப் பழகின கண்ணு கெட்டா மறுபடி பழக அரைமணிநேரம் ஆகும், படி தெரியாம விழுந்துருவாங்க.

பழனிப் பாதயாத்திரைக்கு வேற மாதிரி. அங்க நீங்க பாக்கறத விட, வண்டிக்காரன் உங்களப் பாக்கறதுதான் முக்கியம். முதுகுப் பைல செவப்பு லைட்டு ஒண்ணு தொங்க விடுங்க, பின்னால நடக்கற கொழந்தைகளுக்கும் பெரியவங்களுக்கும் கட்டாயமா.

யானை வந்தா நல்லா பவரா லைட்டு அடிச்சா ஓடிரும்ங்கறாங்களே?

தயவு செஞ்சு அத நம்பாதீங்க. தடாகம், ஆனைகட்டி, சத்தியமங்கலம் பக்கம் இருக்கறவங்க இத நல்லாக் கேட்டுக்கோங்க. கண்ணுல திடீர்னு வெளிச்சம் விழுந்தா யானை மெரண்டு எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ல முடியாது, உங்க பக்கமே வரலாம். லைட்டு உங்களுக்கு யானைய தூரத்துலயே பாத்துட்டுத் திரும்பறதுக்கு, அத வெரட்டறதுக்கு இல்ல. பாத்தீங்களா, வெளிச்சத்தக் கீழ எறக்கிட்டு வந்த வழியே போயி வனத்துறைக்குச் சொல்லுங்க. சத்தியமங்கலம் 2013ல இருந்து புலிகள் காப்பகம், திம்பம் மலைப்பாதைல வண்டிய நிறுத்தி காட்டுக்குள்ள லைட்டு அடிச்சு வேடிக்கை பாக்கற வேலையும் வேண்டாம்.

தேளப் பாக்கறதுக்குன்னு தனி லைட்டு இருக்குதாமா?

இருக்குதுங்க, நெசந்தான். யூவி (புற ஊதா) டார்ச்சு, 365 இல்லீன்னா 395 நேனோமீட்டர்னு போட்டிருக்கும். அத அடிச்சா தேளு பச்சை நீலமா மின்னும். எங்க கட்டுத்தறில கல்லுச் சந்துல ஒரு ராத்திரி அடிச்சுப் பாத்தேன், சாதா லைட்டுல வெறும் சந்து, யூவில மூணு தேளு, எட்டுக் காலு, கொடுக்கு, வால் எல்லாம் தனித்தனியா எரியற மாதிரி. சாளைல தரைல படுக்கறவங்க இத ஒருக்கா அடிச்சுப் பாத்துட்டுப் படுங்க. கண்ணுல படாம பாத்துக்கோணும்.

மாடு கன்னு போடறப்ப எந்த வெளிச்சம் வெக்கறதுங்க?

மஞ்ச லைட்டு, கொறஞ்ச வெளிச்சம், நேரா அடிக்காம செவுத்துல அடிச்சு வெச்சுருங்க. காந்தம் இருந்தா தகரத்துல ஒட்டிக்கலாம். மாடு மெரளாது, நஞ்சுக்கொடி கலரும் ரத்தமும் நெசமாத் தெரியும்.

மச்சான் துபாய் போறாரு, லைட்ட பிளேன்ல கொண்டு போகலாமா?

போகலாம். லித்தியம் பேட்டரி தனியா இருந்தா கைப்பைல மட்டுந்தான் வெக்கோணும், பெரிய பெட்டில போடக் கூடாது. ஒரு 18650 சுமாரா 12 வாட்-மணிதான், 100 வரைக்கும் விடறாங்க.

எங்க அம்மாவுக்கு வயசு எழுபது, பட்டன் எத்தன தடவ அமுக்கறதுன்னு மறந்து போகுது, அவங்களுக்கு எது?

அவங்களுக்கு அஞ்சு மோடு, பத்து மோடு எதுவும் வேண்டாமுங்க. பின்னால கிளிக் பட்டன் இருக்கற லைட்டு, ஒரு தட்டு எரியோணும், ஒரு தட்டு அணையோணும். எங்க ஆத்தாவுக்கு ஒரு எஸ்2 ப்ளஸ்ஸ 150 லுமென்ஸ் மாதிரி ஒரே வெளிச்சத்துல நிக்கற மாதிரி பண்ணிக் குடுத்தேன், அதுல ஒரு செவப்புக் கயிறு கட்டி கட்டில் காலுல தொங்க விட்டிருக்கு. பொடக்காலிக்குப் போறப்ப எடுக்கறாங்க, வந்து அங்கயே மாட்டறாங்க. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் பேட்டரிய மாத்திடறேன்.